கணக்கு மட்டும் பாக்கி

தோளைத் தொடுவதற்கு முன்னால், "தோள அளக்கறேன்" என்று சொல்லிவிடுவாள் வீரம்மாள். டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவருவதற்கு முன்னால், "இப்ப இடுப்பு. கைய லேசா தூக்கிக்க" என்பாள். போட்டுப் பார்க்கும்போது எங்காவது பின் குத்த வேண்டி வந்தால், "இங்க ஒரு பின்னு குத்தப்போறேன், ஒடம்புல படாது" என்று சொல்லி, எதிரில் நிற்பவள் தலையசைக்கும்வரை பின்னைக் கையிலேயே வைத்திருப்பாள். விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகிற தெருவில் ஜாக்கெட் தைக்கிறவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்கள் அளவெடுக்கிற வேகத்தில், நிற்கிறவள் ஒருமுறை மூச்சு விடுவதற்குள் வேலை முடிந்துவிடும். வீரம்மாளிடம் நேரம் பிடிக்கும். அவசரக்காரிகள் அலுத்துக்கொண்டாலும் அடுத்த முறையும் அவளிடமே வந்தார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "அவ கை நல்ல கை" என்பார்கள்.

இன்னொரு வழக்கம் ஊரில் சிரிப்பாகிப் போனது. துணியை வெட்டுவதற்கு முன் உள்பக்கத்தில் சாக்கட்டியால் கோடு போடுவாள் அல்லவா, அந்தக் கோடுகளுக்கு நடுவே இருக்கிற காலி இடத்தில் எதையாவது எழுதி வைப்பாள். எலும்புகளின் பெயர், இதயத்தின் அறைகள், உப்பின் குறியீடு, பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டு. கத்தரி ஓடும்போது வாய் அதை முணுமுணுத்துக்கொண்டே போகும். தைத்து முடித்தால் எழுத்து உள்ளே போய்விடும். ஒரு தபால்காரரின் மனைவி புது ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

"இன்னா வீரம்மா, என் முதுகுல மந்திரம் எய்தி வெச்சிருக்க?"

"மந்திரம் இல்ல, உப்பு" என்றாள் வீரம்மாள். "ஒரு தபா தொவச்சா பூடும்."

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு. ஊசியில் நூல் கோக்க வாங்கிய கண்ணாடி மூக்கின் நுனியில் நிற்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். முகையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவள் அப்பா நடராசனுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற பருவத்தில் கைக்கு ஆள் போதவில்லை என்று நிறுத்தினார். பருவம் முடிந்த பிறகு திருப்பி அனுப்பலாம் என்று அவருக்கும் எண்ணம் இருந்தது. வீரம்மாளுக்கும் இருந்தது. அடுத்த பருவமும் வந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு வளவனூரில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் தாண்டவராயன், கரும்பு அரைக்கிற மாதங்களில் ஆலையில் கூலி, மற்ற மாதங்களில் அண்ணன் தம்பியோடு சேர்ந்து நிலத்து வேலை. வீரம்மாள் தையல் கற்றுக்கொண்டாள். தையல் நன்றாக வந்தது. இருவரும் விழுப்புரத்துக்கே குடிவந்து கடை போட்டார்கள்.

இப்படித் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளைப் படிப்பின் பக்கம் திருப்பியது, 1983-இல் அரசு ஆஸ்பத்திரியில் அவள் படுத்துக் கிடந்த சில நாட்கள்.

மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே போய்விட்டது. இனி கர்ப்பப்பையை வைத்திருந்தால் தாயும் தங்கமாட்டாள் என்றார்கள். அதைத் தாண்டவராயனைக் கூப்பிட்டு வராந்தாவில் வைத்துச் சொன்னார்கள். அவன் உள்ளே வந்து, சொல்ல வாய் வராமல், கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையோ எடுக்கப்போகிறார்கள் என்று மட்டும் அவளுக்கு விளங்கியது. அவள் உடம்பு அந்த நாட்களில் பலர் கைக்குப் போய் வந்தது. திருப்பினார்கள், தூக்கினார்கள், குத்தினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் வேலை இருந்தது.

நான்காவது நாள் கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெயர் ஜெயம்மாள். மரக்காணத்தை ஒட்டிய கடலோரக் குப்பத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள்; அந்தக் குப்பத்திலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் பெண். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வீரம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "யக்கா, இப்ப பழைய கட்ட பிரிக்கறேன். ஓரத்துல ஒட்டிக்கினு இருக்கும், அங்க மட்டும் வலிக்கும். அப்புறம் பஞ்சு வெப்பேன், சில்லுனு இருக்கும். சரியா?"

வலித்தது. சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு வலித்தது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பது அந்த ஆஸ்பத்திரியில் வீரம்மாளுக்கு அதுதான் முதல் தடவை. பிள்ளை போனபோது வராத அழுகை அப்போது வந்தது. ஜெயம்மாள் அவள் அழுது முடிக்கும்வரை பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் மெஷினில் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு அந்தக் காத்திருப்பு மறக்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பெண்களின் உடம்பை ஒரு வார்த்தை சொல்லாமல் தொட்டு அளந்திருக்கிறோம் என்று நினைத்தாள். சொல்லிவிட்டுத் தொடுகிற வழக்கம் அப்படி வந்ததுதான்.

சில மாதம் கழித்து ஜெயம்மாளே கடைக்கு வந்தாள், வெள்ளை ஜாக்கெட் தளர்ந்துவிட்டது, பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று. வீரம்மாள் அவளை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, தையலைப் பிரித்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்: "ஒன்ன மாதிரி ஆவணும்னா இன்னா படிக்கணும் ஜெயா?"

யாருக்கு என்று கேட்டுச் சிரித்தாள் ஜெயம்மாள். வீரம்மாள் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று தொடங்கிய பேச்சு பல நாள் நீண்டது. ஜெயம்மாள் டூட்டி முடிந்து போகும்போதெல்லாம் வெட்டுப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். பெரிய நர்ஸ் படிப்புக்குப் பிளஸ் டூ வேண்டும், அதுவும் சயின்ஸ் குரூப்பு. அதை வீட்டிலிருந்து எழுத முடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, லேப்பில் நின்று, தவளை அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். முப்பதைத் தாண்டியவளை எந்தப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? சேர்த்துக்கொண்டாலும் அதற்கு முன்னால் பத்தாவது பாஸ் பண்ண வேண்டும். இரண்டையும் முடித்து வரும்போது வயது வரம்பு கடந்துபோயிருக்கும். அந்த வழியை இருவரும் ஓரமாக வைத்துவிட்டார்கள். வைக்கும்போது வீரம்மாளுக்கு மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் துணி இருக்கிற அளவுக்குத்தான் தைக்க முடியும் என்பது அவள் தொழிலில் தெரிந்துகொண்டது.

மிஞ்சியது கிராம சுகாதார நர்ஸ் பயிற்சி. பத்தாவது பாஸ் இருந்தால் மனு போடலாம். வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற வேலை.

"அதான் எனக்கு வேணும்" என்றாள் வீரம்மாள்.

பத்தாவதை எப்படி எழுதுவது என்று ஜெயம்மாள் விளக்கினாள். தனித்தேர்வராகப் பணம் கட்டி எல்லாப் பாடத்தையும் எழுதலாம். பாஸான பாடம் பாஸ்தான். போன பாடத்தை மட்டும் அடுத்த ஏப்ரலிலோ அக்டோபரிலோ மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

"துண்டு துண்டா எய்தலாமா?" வீரம்மாளின் கண்ணாடிக்குப் பின்னால் கண் பெரிதாயிற்று.

எதை முதலில் பிடிப்பது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கஷ்டமானதை முதலில் முடித்துவிடு, கணக்கில் இறங்கு என்றாள் ஜெயம்மாள். வீரம்மாள் தலையை ஆட்டிவிட்டாள். துணியில் முதுகும் முன்பக்கமும் முதலில் எடுக்க வேண்டும். கை, பட்டி எல்லாம் மிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் வழி. தமிழ், அறிவியல், வரலாறு முதலில். இங்கிலீஷ் அப்புறம். கணக்கு கடைசியில். ஜெயம்மாள் சொன்னதுதான் சரி என்பது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

1985 ஏப்ரலில் மூன்று பாடம் பாஸானாள். அறிவியலில் வந்த மதிப்பெண்ணைப் பார்த்து ஜெயம்மாளே அசந்துபோனாள். அக்டோபரில் இங்கிலீஷ் எப்படியோ கரையேறியது. கணக்கு போயிற்று. அடுத்த ஏப்ரலில் கணக்கு மட்டும் எழுதினாள். அப்போதும் போயிற்று. இதற்கிடையில் ஜெயம்மாளுக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்துவிட்டது. போவதற்கு முன் அங்கே ஒரு டுடோரியல் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

விழுப்புரத்திலேயே டுடோரியல் இருந்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்களில் பாதிப்பேரின் அம்மாக்களுக்கு வீரம்மாள்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். அரிசி மண்டிக்கு மேலே மாடியில் ஓலைக் கொட்டகை. இருதயராஜ் என்று கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞன் நடத்திக்கொண்டிருந்தான். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும், யாருடைய அம்மாவோ புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று பையன்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் பின்வழியாக இறங்கியே போய்விட்டான்.

அவள் கணக்கில் ஏன் தோற்கிறாள் என்பது இருதயராஜுக்குச் சில வாரம் பிடிபடவில்லை. வழி சரியாக இருக்கும். கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாக இருக்கும். விடை மட்டும் தப்பாக இருக்கும். பதினொன்றரை வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருப்பாள். ஏழே கால் வர வேண்டிய இடத்தில் எட்டு. ஒருநாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் போடுவதைப் பார்த்தான். பதினொன்றரை என்று ஓரத்தில் சரியாக எழுதினாள். பிறகு விடை என்று போட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள்.

"ஏங்க யக்கா, பதினொன்றரைதான வந்திச்சி?"

"ஆமாஞ் சாரு. கொஞ்சம் கூட வெச்சிக்கினா பின்னால புடிச்சிக்கலாம். கொறஞ்சிட்டா இன்னா பண்றது?"

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிக்காமல் இருக்கக் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டான். "யக்கா, இங்க தையலுக்கு வுட வேணாங்க. வந்தத வந்த மாதிரியே எய்துங்க."

கேட்கச் சுலபமாக இருந்தது. பதினைந்து வருஷமாகக் கையில் ஊறியதை நிறுத்துவது சுலபமாக இல்லை. ஒவ்வொரு விடையையும் எழுதிவிட்டுத் தன் கையையே சந்தேகத்தோடு பார்ப்பாள். அதற்கு மேல் அல்ஜிப்ரா என்று ஒன்று இருந்தது. எக்ஸ் என்பது எவ்வளவு என்று தெரியாமலேயே அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பது அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தரி பிடிப்பதாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வருவாள்.

அது 1986. அந்த அக்டோபர் தவறினால் அடுத்து ஏப்ரல். அதன் முடிவு வருவதற்குள் அந்த வருஷத்துப் பயிற்சிக்கு மனு வாங்கி முடித்துவிடுவார்கள். அதற்கும் அடுத்த வருஷம் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்திருக்கும். ஆக, மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை. அதுவும் தீபாவளிக்கு முந்தின மாதம் வந்தது.

தையல்காரர்களுக்குத் தீபாவளி என்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு மாதம் தைத்துச் சேர்ப்பதுதான் கரும்பு ஆலை மூடியிருக்கிற மாதங்களைத் தாண்ட வைக்கும். போன அக்டோபரில் அவள் கணக்கில் தோற்றதும் அதனால்தான். பரீட்சைக்கு முந்தின நாள்கூடக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை. எழுதிவிட்டு அதைக் கடை வாசலில் ஓர் ஆணியில் மாட்டினாள். ஆலையிலிருந்து பாக்கிக் கூலி வாங்கிக்கொண்டு வந்த தாண்டவராயன் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தான்.

இந்தப் படிப்பு விஷயத்தில் அவன் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. வளவனூரில் அண்ணன்மார் கேலி பேசும்போது வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிடுவான். அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

"கடைய மூடிட்டு ஊருக்குப் போனோம்னாகூட ஜனங்க மறந்துடும். தீபாவளிக்கு இல்லன்னு போர்டு மாட்டுனா மறக்காது. அடுத்த வருசம் ஒருத்தி வர மாட்டா."

"அடுத்த வருசம் அவங்க வந்து, நானும் இங்க இருந்தன்னா, நான் பெயிலுன்னு அர்த்தங்க" என்றாள் வீரம்மாள்.

அவன் மெஷினின் சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிவிட்டான்.

"பாசாயிட்டன்னா நீ எங்க இருப்ப?"

"பயிற்சி முடியறவரைக்கும் ஆஸ்டல்ல."

"நானு?"

அவளுக்கு இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக எந்தப் பாடம் எப்போது, எந்த மாதம் எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் திட்டம் போட்டவள். அந்தத் திட்டத்தில் அவனை எங்கே வைத்தோம் என்று தேடிப்பார்த்தாள். வைக்கவே இல்லை என்பது தெரிந்தது. பிள்ளைகள் இருந்த வீடாக இருந்தால் ஒருவர் போனாலும் இன்னொருவருக்குப் பேச ஆள் இருக்கும். இங்கே இருந்தது இரண்டு பேர்தான். போர்டைக் கழற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவன் மேற்கொண்டு கேட்காமல் வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவள் கைக்கு எட்டிய உயரத்தில் மாட்டியிருந்த அட்டையைக் கழற்றி, ஸ்டூல் மேல் ஏறி நின்று, தெருவின் அந்தக் கோடியிலிருந்து வருகிறவர்களுக்கும் தெரியும்படி மேலே அடித்துக்கொண்டிருந்தான் தாண்டவராயன்.

"கீழ இருந்தா கிட்ட வந்துதான் படிப்பாளுங்க" என்றான். "கிட்ட வந்தா கெஞ்சுவாளுங்க. நீ எடுத்துக்குவ. ஜல்தியா போயி கணக்கப் போடு."

ஏற்கெனவே வாங்கிவிட்ட துணிகள் கொஞ்சம் இருந்தன. அவற்றுக்குக் கொக்கி கட்டும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். கரும்புக் கட்டைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு நடுவே ஊசி காணாமலே போய்விடும். கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவன் பெண்கள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டுவதைப் பார்த்துத் தெரு சிரித்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே அவள் ஒரு கணக்கை உரக்கச் சொல்லிக்கொண்டு போடுவாள். நடுவில் நின்றுவிட்டால், "அப்புறம்?" என்று வெளியிலிருந்து கேட்பான். அவனுக்குக் கணக்கு தெரியாது. ஆனால் "அப்புறம்?" என்று ஒருவர் கேட்டால் அவளுக்கு அடுத்த வரி வந்தது.

பரீட்சை திண்டிவனத்தில் நடந்தது. ஒரு கேள்வி, தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைப் பற்றியது. ஓரத்தில் போட்டுப் பார்த்து, விடையைக் கூட்டி எழுதிவிட்டாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, எழுதியதை அடித்துவிட்டு, வந்ததை வந்தபடியே எழுதினாள். அடித்த கோட்டைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அவள் தைத்த துணியில் பிரித்துத் தைத்த தடம் இருக்கவே இருக்காது.

முடிவு வந்த அன்று இருதயராஜே பஸ் ஏறி விழுப்புரம் வந்தான். கடையைக் கண்டுபிடிப்பதில் அவனுக்குச் சிரமம் இருக்கவில்லை; தீபாவளி முடிந்தும் போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீரம்மாள் மெஷினிலிருந்து எழுந்து நின்றாள். முப்பத்தெட்டு என்று அவன் சொன்னான். பாஸுக்கு முப்பத்தைந்து. அவள் உதடு கணக்குப் போட்டது.

"மூணு மார்க்கு வீணாப் பூட்டுதே சாரு" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் இருதயராஜுக்கு சோடா வாங்க ஓடினான்.

நேர்காணலில் ஓர் அதிகாரி அவள் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் எதற்கம்மா என்று கேட்டார். வயது வரம்புக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குதுங்க என்று பதில் சொன்னாள். அவர் கேட்டது அதுவல்ல என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அந்தப் பதிலே போதுமானதாக இருந்திருக்கிறது. பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்தது.

1987-இல் திண்டிவனத்தில் ஆஸ்டலில் சேர்ந்தாள். மெஷினை விற்கவில்லை. கடையை மட்டும் விட்டுவிட்டார்கள். தாண்டவராயன் தனியாகக் கேப்பைக் களி கிண்டக் கற்றுக்கொண்டான். முதலில் கட்டி கட்டியாக வந்தது. கிளறுகிற பக்குவம் வர ஒரு மாதம் ஆயிற்று என்று அவனே ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இன்னும் அவளிடம் இல்லை. பயிற்சி முடிந்து கிளியனூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்தில் வேலை கிடைத்தால், அவனும் அங்கேயே வந்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். முதல் வாரம் அவளை என்னவென்று கூப்பிடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா என்று ஒருத்தி கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடைசியில் எல்லாருக்கும் வீரம்மக்கா ஆனாள்.

இரண்டாம் மாதம் வார்டுக்கு அழைத்துப் போனார்கள். பிரசவ வார்டு. அந்த வார்டின் சிஸ்டர் ஜெயம்மாள். வருகிறவர்களில் வீரம்மாள் இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மாணவிகள் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். வார்டில் கால் வைப்பதற்கு முன் ஒவ்வொருத்தியும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்ட வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, வளையல் மோதிரம் கழற்றியிருக்கிறதா என்று சிஸ்டர் பார்ப்பாள். ஜெயம்மாள் ஒவ்வொரு கையாகப் பிடித்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நகத்தில் சாயம் பூசியிருந்த ஒருத்திக்குத் திட்டு விழுந்தது.

வீரம்மாளிடம் வந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நீ போ யக்கா, உள்ள போயி ஒக்காரு" என்று மெல்லச் சொல்லிவிட்டு அடுத்தவளிடம் நகர்ந்தாள்.

வீரம்மாள் நகரவில்லை. கைகளையும் மடக்கவில்லை. மற்றவர்களைப் போலவே முழங்கை மடங்காமல் நீட்டியபடி, நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயம்மாள் திரும்பினாள். வந்து அந்தக் கைகளைப் பிடித்தாள். விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்துப் போயிருந்தன. திருப்பிப் பார்த்தாள். இடது கட்டைவிரலில் மட்டும் நகம் நீளமாக இருந்தது. துணியில் மடிப்புக்குக் கீறல் போடுவதற்காகத் தையல்காரர்கள் வளர்த்து வைத்துக்கொள்கிற நகம். அதைப் பிடித்துக்கொண்டு ஜெயம்மாள் ஒரு கணம் தயங்கினாள்.

"இது இருக்கக் கூடாது" என்றாள்.

"சரிங்க சிஸ்டர்" என்றாள் வீரம்மாள். ஜெயம்மாளின் இடுப்பில் தொங்கிய கத்தரிக்காகக் கையை நீட்டி வாங்கி, நின்ற இடத்திலேயே அந்த நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டினாள்.